கொரோனா காலத்தில் வேளாண்மை மட்டும் வளர்ந்தது என்கிறார்களே, பிறகு கிராமத்து விவசாயிகள் ஏன் நொடித்துப் போனார்கள்?

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 23.9 விழுக்காடு சரிந்தது, வேளாண்மை மட்டும் 3.4 விழுக்காடு வளர்ந்தது என்று அரசின் முதல் மதிப்பீடு தெரிவித்தது. இந்தக் கேள்விக்கு அடிப்படை அதுதான். அந்தக் கணக்கைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது விளைச்சலின் கணக்கு. விளைந்தது விற்றதா, விற்ற காசு யார் கைக்குப் போனது என்பதற்கு அதில் விடை கிடையாது.

எங்கள் ஊர் மரக்காணம் பக்கம். இங்கே தர்பூசணிக்கு மார்ச், ஏப்ரல்தான் அறுப்புக் காலம். வியாபாரி தோட்டத்துக்கே வந்து, டன்னுக்கு இவ்வளவு என்று விலை பேசி, லாரியில் ஏற்றிப் போவார். மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது காய் கொடியில் முற்றி நின்றது. விவசாயப் பணிகளுக்கும் வேளாண் சந்தைகளுக்கும் விலக்கு உண்டு என மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 27 அன்றே அறிவித்துவிட்டது என்றாலும், ஓட்டுநர் வர அஞ்சினார், பழக்கடையும் சாறுக்கடையும் மூடிக் கிடந்தன, பேசி வைத்த வியாபாரி தொலைபேசியை எடுக்கவில்லை. பக்கத்து நிலத்து அண்ணன், சொட்டுநீர்க் குழாய்க்கும், மண்ணை மூடும் நிலப்போர்வைத் தாளுக்கும் மனைவியின் நகையை அடகு வைத்திருந்தவர், வெயிலில் வெடித்துப் புளித்த பழங்களை மாடுகளுக்கு வெட்டிப் போட்டார். மாடுகளும் ஓர் அளவுக்கு மேல் தின்னவில்லை.

அதே ஆண்டு டெல்டாவில் நிலைமை வேறு. மேட்டூர் அணை எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உரிய நாளான ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டதால் குறுவை நெல் சாகுபடி நன்றாக நடந்தது. நெல்லைக் காயவைத்துச் சில நாள் வைத்திருக்கலாம். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்தாவது, அரசு நிர்ணயித்த விலைக்குப் போடலாம். ஆக, கொரோனா யாரைச் சாய்த்தது என்பதை, விளைபொருள் எத்தனை நாள் தாங்கும், அதை வாங்க யார் கடமைப்பட்டவர் என்ற இரண்டும்தான் தீர்மானித்தன என்பது என் உறுதியான கருத்து. மல்லிகைக்கு அந்த இரண்டுமே இல்லை. கோயில் நடை சாத்தி, கல்யாணங்கள் வீட்டளவில் சுருங்கியபோது, பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று பூவைச் செடியிலேயே விட்டார்கள். காய்கறிக்கு மே மாதத்தில் இன்னோர் அடி விழுந்தது: தொற்று பரவியதால் கோயம்பேடு சந்தை மே 5 அன்று மூடப்பட்டு, சில நாட்களில் திருமழிசைக்கு மாற்றப்பட்டது, காய்கறி மொத்த வியாபாரம் பழைய இடத்துக்குத் திரும்பச் செப்டம்பர் கடைசி ஆயிற்று.

நிலமற்றவர்கள் பாடு இதைவிட மோசம். நூறு நாள் வேலையின் கூலி ஏப்ரலில் 229 ரூபாயிலிருந்து 256 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் அந்த மாதத்தின் பெரும்பகுதி வேலையே நடக்கவில்லை. திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் வேலையிழந்து திரும்ப, மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணம் நின்று, உண்ணும் வாய்கள் கூடின. ரேஷன் அரிசி இருந்ததால் அடுப்பு எரிந்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். குழுக் கடன் தவணையை ஆகஸ்ட் வரை தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

நிவாரணம் வந்தபோது பட்டாவைப் பார்த்தே வந்தது. பிரதமரின் கிசான் திட்டத் தவணையான 2,000 ரூபாய் நிலத்துக்குச் சொந்தக்காரரின் கணக்கில் ஏறியது. அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விதைத்து நட்டப்பட்டவருக்கு அதில் பங்கில்லை. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கவே ஆவணம் வேண்டும். அது இல்லாத குத்தகைதாரர் அடகுக்கடையிலும் வியாபாரியிடமும் வாங்கிய கடனை எந்த அரசாணையும் தொடவில்லை; எங்கள் ஊரில் பலர் அடுத்தடுத்த ஆண்டுகளின் விளைச்சலைக் கொண்டுதான் அதை அடைத்தார்கள்.