கால்குலேட்டர் சொல்வது சரியா? போன் கணிப்பான்களின் பிசகு குறித்த கேள்வி பதில்

எண்முறைக் கணிப்பு என்ற பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். வகுப்பில் தூங்குகிறவர்களை எழுப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவர்கள் கையில் இருக்கும் கால்குலேட்டரைத் தவறு செய்ய வைப்பதுதான். போன் செயலிகளின் துல்லியம் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்): ஐயா, 10-இன் அடுக்கு 100 உடன் 1-ஐக் கூட்டி, திரும்பவும் 10-இன் அடுக்கு 100-ஐக் கழித்தேன். என் போனில் 0 வந்தது. தங்கையின் போனில் 1 வந்தது. என் போன் பழுதா?

பதில்: பழுது இல்லை தம்பி. ஆனால் இந்தப் போட்டியில் உங்கள் போன் தோற்றுவிட்டது.

பல செயலிகள் ஓர் எண்ணை 64 பிட் இடத்தில் அடைத்து வைக்கின்றன (ஒரு பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் பிடிக்கும் ஓர் இடம்). கூட்டல், கழித்தல் குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 11, இலக்கங்களுக்கு 52. நம் கணக்கில் இது 15 முதல் 17 இலக்கங்கள். நீங்கள் கேட்ட கூட்டுத்தொகையை முழுதாக எழுத 101 இலக்கங்கள் வேண்டும். இடம் இல்லாததால் அந்த 1 கடலில் கரைத்த பெருங்காயம் ஆகிறது. பிறகு கழித்தால் மிஞ்சுவது சுழியம்.

இந்த மிதவைப் புள்ளி முறையை யாரும் சோம்பலில் செய்யவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி எண்களை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், எல்லோருக்கும் பொதுவாக 1985-இல் ஐஇஇஇ 754 என்ற தரநிலை வந்தது. அதன் தலைமைச் சிற்பியான வில்லியம் காஹனுக்கு 1989-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. காஹன் பழைய ஹெச்பி கால்குலேட்டர்களுக்கும் ஆலோசகராக இருந்தவர்.

தங்கையின் போனில் வேறு முறை இருக்கிறது. ஆண்ட்ராய்டுடன் வரும் கூகுள் கால்குலேட்டரை, 2015-இல் வெளியான ஆறாம் பதிப்புக்காக ஹான்ஸ் போம் என்பவர் உள்ளிட்ட குழு மாற்றி அமைத்தது. அதில் எண் என்பது இலக்கங்களின் வரிசை அல்ல, இலக்கங்களைக் கறந்து தரும் ஒரு வழிமுறை. "எனக்கு இத்தனை இலக்கம் வேண்டும்" என்று கேட்டால், அந்த அளவுக்குக் கணித்துத் தரும். விடையை விரலால் தள்ளினால் மேலும் இலக்கங்கள் வருவதை அந்தப் போனில் பார்க்கலாம். 2-இன் வர்க்கமூலத்தைப் போட்டுத் தள்ளிப் பாருங்கள். உங்கள் விரல்தான் முதலில் சோர்ந்துபோகும்.

கேள்வி (நிரல் எழுதக் கற்பவர்): 0.1 + 0.2 என்று நிரலில் போட்டால் 0.30000000000000004 வருகிறது. போன் மட்டும் 0.3 என்கிறது. அப்படியானால் என் நிரல் ஓடும் கணினியைவிட போன் துல்லியமா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தாம்.

மூன்றில் ஒரு பங்கு நமக்கு 0.3333 என்று முடியாமல் ஓடுகிறது அல்லவா? இரும எண் முறையில் பத்தில் ஒரு பங்கும் அப்படித்தான்: 0.000110011001100… என்று நிற்காமல் ஓடும். 64 பிட்டுக்குள் அடங்க எங்கோ வெட்டியாக வேண்டும். வெட்டிய பின் உள்ளே இருப்பது ஏறத்தாழ 0.1000000000000000055. 0.2-க்கும் இப்படி ஒரு வால் உண்டு. வால்கள் சேர்ந்து, விடையை 0.3-க்கு மிக அருகில் உள்ள எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குத் தள்ளிவிடுகின்றன.

உங்கள் நிரல் அந்த வாலையும் காட்டுகிறது. கால்குலேட்டர் 10 அல்லது 12 இலக்கத்தோடு நிறுத்தி, மிச்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இவற்றுக்குக் காப்பு இலக்கங்கள் என்று பெயர். வேறு சில செயலிகள் பதின்ம முறையிலேயே கணக்குப் போடுகின்றன, அங்கே 0.1-க்கு வாலே கிடையாது.

உங்கள் செயலி எத்தனை இலக்கங்களை ஒளித்து வைத்திருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. 1 ÷ 3 போடுங்கள். திரையில் தெரியும் 0.3333333333 என்ற எண்ணை அப்படியே தட்டச்சு செய்து அந்த விடையிலிருந்து கழியுங்கள். 3.33333 பெருக்கல் 10-இன் அடுக்கு −11 போல ஏதாவது வந்தால், ஒளிந்திருந்தவை வெளியே வந்துவிட்டன என்று பொருள்.

கேள்வி: பழைய மேசைக் கால்குலேட்டரில் 1 ÷ 3 × 3 என்றால் 0.9999999. போனில் 1. ஏன்?

பதில்: பழையதில் காப்பு இலக்கம் கிடையாது. கண்ணில் பட்டதையே அது பெருக்கியது. 64 பிட் முறையில் 1 சரியாக வருவதற்குக் காரணம் நேர்மை அல்ல, அதிர்ஷ்டம்: வகுக்கும்போது நேர்ந்த பிசகைப் பெருக்கும்போது நடந்த முழுமையாக்கல் (இடத்தில் அடங்கும் மிக அருகிலுள்ள எண்ணுக்குக் கொண்டுபோவது) சரிக்கட்டிவிடுகிறது. 3-க்குப் பதில் 49-ஐப் போட்டால் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1 ÷ 49 × 49 அங்கே 0.9999999999999999 என்றுதான் வரும். திரை சுருக்கிக் காட்டுவதால் உங்களுக்கு 1 என்று தெரியும்.

கேள்வி (கணக்கு எழுதுபவர், இதையே இன்னும் பலரும் கேட்டிருந்தார்கள்): 100 + 10% என்று தட்டினால் ஒரு செயலியில் 110, இன்னொன்றில் 100.1. எது தப்பு?

பதில்: இரண்டும் சரி. இதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கும் பொத்தான். 10% என்பது வெறும் 0.1 என்று எடுத்துக்கொண்டால் 100.1. "முன்னால் உள்ள எண்ணில் பத்து சதவீதம்" என்று எடுத்துக்கொண்டால் 110. முதலாவது கணித ஆசிரியரின் வாசிப்பு, இரண்டாவது வணிகரின் வாசிப்பு. துல்லியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் எனக்கு வரும் "போன் தப்பாகக் கணக்கிடுகிறது" என்ற புகார்களில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கின்றன.

100-உடன் 25% கூட்டி 125 வாங்கியவர், அதில் 25% கழித்தால் 100 வரவில்லையே என்று கேட்கிறார். 93.75 வருவதுதான் சரி. கழிக்கும்போது அடிப்படை 125 ஆகிவிட்டது. அந்தப் பொத்தானைத் தொடாமல் × 1.1, ÷ 1.25 என்று எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: 2 + 3 × 4 கூடவா மாறும்?

பதில்: மாறும். தட்டத் தட்டக் கணக்கிடும் எளிய கால்குலேட்டர் 20 என்னும். பெருக்கலுக்கு முன்னுரிமை தரும் செயலி 14 என்னும். −3-இன் வர்க்கத்திலும் இதே தகராறுதான்: சிலவற்றில் −9, சிலவற்றில் 9. அடைப்புக்குறி போட்டுவிட்டால் தகராறு தீரும்.

கேள்வி (அலுவலக அறிக்கை தயாரிப்பவர்): மூன்று பங்குகளையும் 33.3 என்று எழுதினால் மொத்தம் 99.9 வருகிறது, மேலாளர் என்னைத்தான் கேட்கிறார். இன்னொன்று: 1.005-ஐ இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் சில மென்பொருள்கள் 1.01 தராமல் 1.00 தருகின்றன. இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

பதில்: முதலாவதற்கு, "முழுமையாக்கியதால் கூட்டுத்தொகை மாறலாம்" என்று அட்டவணையின் அடியில் ஒரு வரி எழுதுங்கள். ஏதாவது ஒரு பங்கை 33.4 ஆக்கிச் சமாளிப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் காட்டுகிறது.

இரண்டாவதில், 64 பிட்டுக்குள் நுழைந்த 1.005 உண்மையில் 1.00499999999999989 போன்ற ஓர் எண். அதை 1.00 ஆக்குவது நியாயமே. நுழைவாயிலிலேயே குறைந்துபோனதை உள்ளே இருப்பவர் எப்படி அறிவார்?

சரிபாதி எண்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. 0.5, 1.5, 2.5, 3.5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 8. பள்ளியில் சொன்னபடி பாதியை எப்போதும் மேலே தள்ளினால் 1, 2, 3, 4; கூட்டினால் 10. பாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோனால் 0, 2, 2, 4, கூட்டினால் 8. ஐஇஇஇ 754-இன் இயல்பான வழக்கம் இந்த இரண்டாவது முறைதான். 2.5-ஐ 2 ஆக்குகிறது என்று மென்பொருளைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பக்கமாக வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு வான்கூவர் பங்குச் சந்தை சாட்சி. 1982-இல் 1000 புள்ளிகளில் தொடங்கிய அதன் குறியீட்டெண்ணை, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மூன்று தசம இடங்களுக்குப் பிறகு வெறுமனே வெட்டினார்கள், முழுமையாக்கவில்லை. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இது நடந்தது. 1983 நவம்பரில் குறியீட்டெண் 524-க்கு இறங்கியிருந்தது. கணக்கைத் திருத்தியபோது அதன் உண்மையான மதிப்பு 1098 என்று தெரிந்தது. சந்தை ஏறிக்கொண்டிருந்தது, எண் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது!

கேள்வி: வட்டிக் கணக்கில் இடைப்பட்ட விடையைத் தாளில் குறித்துக்கொண்டு, அதை மறுபடி தட்டுவேன். இரண்டு தசம இடங்கள் போதுமா?

பதில்: போதாது. நீங்களே செய்து பாருங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் மாதத்துக்கு 0.8333… சதவீதம். இதை 0.83 என்று குறித்துக்கொண்டு 360 மாதங்களுக்குக் கூட்டுவட்டி போட்டால், அசல் 19.60 மடங்காகிறது. 10 ÷ 12 என்று செயலிக்குள்ளேயே வைத்துக் கணக்கிட்டால் 19.84 மடங்கு. ஒரு சதவீதத்துக்கும் மேலான வித்தியாசம். இந்தப் பிசகை உண்டாக்கியது போன் அல்ல, உங்கள் பேனா. போன் செய்யும் பிசகு பதினைந்தாவது இலக்கத்தில் இருக்கிறது. பேனாவின் பிசகு மூன்றாவது இலக்கத்தில். முந்தைய விடையை மீண்டும் எடுத்துத் தரும் பொத்தானோ மெமரி பொத்தானோ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முழுமையாக்குவது கடைசியில் ஒரே ஒரு முறை.

கேள்வி (பொறியியல் மாணவி): சைன் 180 பாகை சுழியம்தானே? என் செயலி 1.2246 பெருக்கல் 10-இன் அடுக்கு −16 என்கிறது. டேன் 90-க்கு 'வரையறை இல்லை' என்று சொல்லாமல் பதினேழு இலக்க எண் ஒன்றைத் தருகிறது.

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் அம்மா. செயலி முதலில் 180 பாகையை ரேடியனாக, அதாவது பை ஆக மாற்றுகிறது. பை 64 பிட்டுக்குள் அடங்காது. உள்ளே இருப்பது உண்மையான பையைவிட 1.2246 பெருக்கல் 10-இன் அடுக்கு −16 அளவு சிறியது. பையைவிடத் துளி குறைவான கோணத்தின் சைன் மதிப்பு, ஏறத்தாழ அந்தத் துளிதான். ஆக, செயலி தனக்குக் கொடுக்கப்பட்ட கோணத்துக்கு மிகச் சரியான விடையையே சொல்லியிருக்கிறது. டேனும் அப்படித்தான்: 90 பாகைக்கு மயிரிழை குறைவான கோணத்தின் டேன் மதிப்பு, பிரம்மாண்டமான ஆனால் முடிவுள்ள எண். நல்ல செயலிகள் 90, 180 போன்ற கோணங்களைத் தனியாகக் கவனித்து, பையாக மாற்றாமலேயே விடை சொல்லிவிடும்.

கேள்வி: துல்லியமான முறை ஒன்று இருக்கிறது என்கிறீர்கள். எல்லோரும் ஏன் அதையே பயன்படுத்தக் கூடாது?

பதில்: வேகம் குறையும் என்பது ஒரு காரணம். ஆனால் கால்குலேட்டரில் அது பெரிதல்ல. தட்டுகிற விரலைவிட இயந்திரம் வேகமானது. உண்மையான முட்டுக்கட்டை சமத்துவம். இலக்கம் இலக்கமாகக் கறந்து தரும் இரண்டு எண்களை ஒப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவை வேறானவை என்றால் எங்கோ ஓர் இலக்கத்தில் வேறுபாடு தெரிந்துவிடும். சமம் என்றால்? ஆயிரம் இலக்கம் பார்த்தாலும் ஆயிரத்தொன்றாவது இலக்கம் வேறாக இருக்கலாம் என்ற சந்தேகம் தீராது. எல்லா நேரமும் இதைத் தீர்மானிக்கும் பொது வழிமுறை இருக்கவே முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட கணித உண்மை. விடை சரியாக 0-ஆ, 0-க்கு மிக அருகிலா என்று சொல்ல முடியாத செயலி 0.000000… என்று நீட்டிக்கொண்டே போகும். ஆண்ட்ராய்டு செயலி முடிந்த இடத்திலெல்லாம் எண்ணைப் பின்னமாக வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்கிறது. பின்னங்கள் சமமா என்று சொல்வது எளிது.

விண்டோஸ் கால்குலேட்டரும் உள்ளுக்குள் பின்னங்களையே வைத்திருக்கிறது. ஆனால் அதில் நெடுங்காலம் 4-இன் வர்க்கமூலத்திலிருந்து 2-ஐக் கழித்தால் 0 வராமல் ஒரு நுண்ணிய எதிர்ம எண் வந்துகொண்டிருந்தது. 2018-இல்தான் சரிசெய்தார்கள்.

கேள்வி: 16 ஒன்பதுகளை நிரலில் எழுதினேன். 1-க்குப் பின் 16 சுழியங்கள் ஆகிவிட்டன!

பதில்: 64 பிட் முறையில் முழு எண்கள் விடுபடாமல் கிடைப்பது 9007199254740992 வரைதான். அதற்கு மேல் முதலில் ஒற்றைப்படை எண்கள் காணாமல் போகும். நீண்ட அடையாள எண்களை எண்ணாகச் சேமிக்காமல் எழுத்தாகச் சேமியுங்கள்.

கேள்வி: ஐபோனில் ஒருமுறை 1 + 2 + 3 = 24 வந்ததாமே, வதந்தியா?

பதில்: உண்மை. 2017-இல் ஐஓஎஸ் 11 வெளிவந்தபோது, வேகமாகத் தட்டினால் பொத்தானின் அசைவூட்டம் முடிவதற்குள் இரண்டாவது கூட்டல் குறி தவறிவிடும். 1 + 23 என்றே செயலி புரிந்துகொண்டது. எண்கணிதம் தெரியாததால் அல்ல, காது மந்தமானதால் வந்த தவறு.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): பையின் மதிப்பில் எத்தனை இலக்கம் இருந்தால் போதும்?

பதில்: நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம், கோள்களிடையே விண்கலம் செலுத்தும் மிகத் துல்லியமான கணக்குகளுக்கே 15 தசம இடங்களோடு நிறுத்திக்கொள்கிறது. நமக்கு அதுவே தாராளம் ஐயா.

கேள்வி: என் செயலியைச் சோதிக்க ஒரே ஒரு கணக்கு சொல்லுங்கள்.

பதில்: 2-ஐப் போட்டு வர்க்கமூலப் பொத்தானை 60 முறை அழுத்துங்கள். பிறகு வர்க்கப் பொத்தானை 60 முறை. கணிதப்படி 2 திரும்பி வரவேண்டும். 64 பிட் செயலியில் 1 வரும். பாதி வழியிலேயே எண் 1-ஓடு ஒட்டிவிடுவதால் பிறகு எத்தனை முறை வர்க்கம் எடுத்தாலும் அது அசையாது. 30 முறையோடு நிறுத்தினால் 2 வருவது போலத் தெரியும், கடைசி இலக்கங்கள் மட்டும் சிதைந்திருக்கும். எண்ணிக்கையைத் தவறவிடாமல் 120 முறை தட்டுவதுதான் கடினம். என் வகுப்பில் முதல் முயற்சியில் யாருக்கும் அது கைகூடியதில்லை.