அந்த நாலு நாள் கணக்கு

அன்புள்ள ஐயா,

போர் நடக்கும்போது மனித உரிமை, கருத்துரிமை என்று பேசுவது ராணுவத்துக்குச் செய்யும் துரோகம் என்பது என் எண்ணம். என் அண்ணன் எல்லையில் இருக்கிறார். நாலு நாள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? மனித உரிமையே மேற்கிலிருந்து வந்த சரக்குதானே? அயல்நாட்டோடு போர் என்றால் ஓர் அரசு எந்த உரிமைகளை நிறுத்திவைக்கலாம், எவற்றைத் தொடக் கூடாது என்று சட்டம் ஏதாவது சொல்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் அண்ணன் நலமாக இருக்கட்டும். போன் வராத இரவுகளில் உங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அந்த நிலையில் எழுதியது என்பதால் பாதிக் கோபத்தை விழுங்கிவிட்டேன். மீதியை நீங்கள் தாங்கித்தான் ஆக வேண்டும்.

சட்டம் சொல்கிறது. 1966-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் நான்காவது பிரிவைப் பாருங்கள். நாட்டின் இருப்புக்கே ஆபத்து என்றால், அதை முறைப்படி அறிவித்துவிட்டு, தேவையான அளவுக்கு மட்டும் சில உரிமைகளைத் தளர்த்தலாம். இனத்தை மட்டுமே காரணமாக வைத்து அதைச் செய்யக் கூடாது. உயிர், சித்திரவதைக்கு ஆளாகாமை, அடிமைப்படாமை, மனசாட்சிச் சுதந்திரம் போன்றவற்றில் எந்தப் போரிலும் கைவைக்க முடியாது. இந்தியா 1979-ல் இதில் சேர்ந்தது. மேற்கத்திய சரக்கு என்ற பேச்சுக்கெல்லாம் நான் பதில் சொல்வதாக இல்லை. துப்பாக்கியும் அங்கிருந்து வந்ததுதான்.

என்னை உறுத்துவது அந்த 'நாலு நாள்'. கொஞ்ச காலமாக 1962-ஐப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

அக்டோபர் 20-ல் சீனப் படை தாக்கியது. 26-ல் நெருக்கடிநிலை, கூடவே விசாரணையில்லாமல் ஆளை உள்ளே வைக்க வழிசெய்த இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டம். நவம்பர் 21-ல் சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. மொத்தச் சண்டையும் ஒரு மாதம். சரி, நெருக்கடிநிலை எப்போது விலகியது? 1968 ஜனவரி 10. இடையில் நேரு போனார், சாஸ்திரி போனார், இந்திரா வந்தார், ஒரு பொதுத்தேர்தலே நடந்து முடிந்தது. நெருக்கடி மட்டும் முடியவில்லை. 1971-ல் இன்னும் மோசம். பாகிஸ்தானோடு நடந்த போர் 13 நாள். அதற்காக டிசம்பரில் போட்ட நெருக்கடிநிலை 1977 மார்ச் வரை நீடித்தது. 1975-ல் இந்திரா இன்னொன்றைக் கொண்டுவந்தபோது 1971-ல் போட்டது இன்னும் அமலில்தான் இருந்தது.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் யார்? அஸ்ஸாமில் மாக்கும் என்ற சிற்றூரில் நவம்பர் 19 அன்று, போர்நிறுத்தத்துக்கு இரண்டே நாள் முன்பு, சீன வம்சாவளிக் குடும்பங்களைப் பிடித்தார்கள். அஸ்ஸாமிலிருந்தும் டார்ஜிலிங் பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய 3,000 பேரை ராஜஸ்தானின் தியோலி முகாமுக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. பலர் இங்கேயே பிறந்தவர்கள். தாத்தா சீனர் என்றாலே போதுமானதாக இருந்தது. இதே தியோலியில்தான் வெள்ளைக்காரன் ஜெயப்பிரகாஷ் நாராயணை அடைத்துவைத்திருந்தான். 1963-ல் சீனா அனுப்பிய கப்பல்களில், நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து, பலர் தாங்கள் கண்ணால் பார்த்திராத ஒரு 'தாய்நாட்டுக்கு'ப் போனார்கள். மீதமிருந்தவர்களில் கடைசி ஆட்கள் வெளியே வந்தது 1967-ல். பலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை, ஏலம் போயிருந்தது.

எழுபதுகளில் எங்கள் ஊரில் ஒரு சீனப் பல் டாக்டர் இருந்தார். அப்பா என்னைக் கூட்டிப்போனபோது கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்து, "கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன் தம்பி, வாயைக் கொப்புளிச்சுட்டு உக்காரு" என்றார். மேசை டிராயரிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். பக்கம் பக்கமாக ஊதா முத்திரை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு அரைமணி நேரத்தில் வந்து, கையைக் கழுவிவிட்டு, விட்ட இடத்தில் தொடர்ந்தார். வெளியூரில் கல்யாணம் என்றாலும் அனுமதி வாங்க வேண்டும் என்று அப்பா பிறகு சொன்னார். எனக்கு அப்போது பல்வலிதான் பெரிதாக இருந்தது.

"அந்த ஆட்கள் யாரோ எவரோ" என்று நினைக்காதீர்கள். சீனனுக்காகச் செய்த சட்டம் சீனனோடு நிற்கவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தது இதே இந்தியப் பாதுகாப்புச் சட்ட விதிகளின்படிதான். தார் பூசிய இந்திப் பலகைக்கும் இமயமலைக்கும் என்ன சம்பந்தம்? அதே ஆண்டு பாட்னாவில் சோஷலிஸ்ட் தலைவர் லோகியாவையும் இதை வைத்துத்தான் பிடித்தார்கள். ஆனால் அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சாதாரணச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினைக்கு இந்த விதியைப் பயன்படுத்த முடியாது என்று சொல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. தேதி என்ன தெரியுமா? 1965 செப்டம்பர் 7. பாகிஸ்தானோடு முழுப் போர். உங்கள் கணக்குப்படி அந்த நீதிபதிகளும் துரோகிகள்தான். அந்தப் போரில் நம் ராணுவம் ஒன்றும் குலைந்துவிடவில்லை.

1978-ல் நம் அரசியல் சட்டத்தின் 44-ஆவது திருத்தம் வந்த பிறகுதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் மறுபடி ஒப்புக்கொண்டால்தான் நெருக்கடிநிலை நீடிக்கும் என்று ஆனது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான 21-ஆவது பிரிவை நிறுத்திவைக்க முடியாது என்பதும் அப்போது வந்ததே. அதுவரை முடிவு தேதி என்று எதுவும் கிடையாது. அதனால் யாராவது உங்களிடம் நாலு நாள் பொறுக்கச் சொன்னால், ஐந்தாம் நாள் எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அப்புறம், அண்ணன் விடுப்பில் வரும்போது இதை அவரிடம் காட்டுங்கள். எனக்கு நீங்கள் கொடுத்த துரோகிப் பட்டத்தை அவரும் கொடுக்கிறாரா என்று கேட்டு எழுதுங்கள். அவர் சொல்வதை அப்படியே இங்கே வெளியிடுகிறேன்.