சென்னையிலிருந்து டொரன்டோ: இன்சுலினைக் கைப்பையில் வைக்கலாமா?

அம்மா டொரன்டோ போகிறார், இன்சுலின் பேனாவையும் ஊசிகளையும் கைப்பையில் விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். விடுவார்கள். சொல்லப்போனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டி வழியில் தொலையலாம். சரக்கு அறையின் குளிரில் மருந்து உறைந்தும் போகலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகினாலும் உதவாது. ஐஸ் பையை மருந்தின் மேல் நேராக வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரிக்குக் கீழே சுமார் 28 நாள் தாங்கும், அதனால் விமானத்தில் ஃபிரிட்ஜ் தேட வேண்டாம்.

டாக்டர் கடிதம், மருந்துச் சீட்டு, கடை லேபிளோடு அசல் அட்டைப்பெட்டி மூன்றும் கையில் இருக்கட்டும். தேவையைப்போல இரண்டு மடங்கு மருந்து எடுங்கள். உடம்பில் சர்க்கரை அளக்கும் சென்சாரோ இன்சுலின் செலுத்தும் பம்ப்போ இருந்தால் ஸ்கேனருக்கு முன்பே சொல்லி, கையால் சோதிக்கக் கேளுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்துவது நேரக் கணக்கு. மேற்கே போகும்போது அந்த நாள் ஒன்பதரை முதல் பத்தரை மணி நேரம் நீளும். நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசியை எப்போது போடுவது என்று டாக்டரிடம் எழுதியே வாங்கிவிடுங்கள். சாப்பாட்டு ஊசியைத் தட்டு முன்னால் வந்த பிறகு போட்டால் போதும். விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். அப்புறம், சர்க்கரை இறங்கினால் சாப்பிடும் குளுக்கோஸ் மாத்திரை இருக்கைக்கு மேலே உள்ள பெட்டியில் வேண்டாம், அம்மாவின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.