லாரி இறக்கியவர் தலைவர் ஆன கணக்கு: கேள்வி பதில்

2014 பிப்ரவரி முதல் 2026 ஜனவரி வரை அமெரிக்கச் சங்கிலிக் கடை நிறுவனமான வால்மார்ட்டின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர் டக் மெக்மில்லன். அவர் ஏறிவந்த வழியைப் பற்றிப் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் ஆட்கள் கேட்டவை இவை.

கஞ்சிக்கோடு கிடங்கில் லோடு இறக்கும் ஒருவர்: அண்ணா, அவரும் எங்களை மாதிரி லோடு இறக்குனவர்னு சொல்றாங்க, நெசமா?

நெசந்தான் தம்பி. 1984 கோடை விடுமுறையில் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு வால்மார்ட் கிடங்கில் மணிக்கு ஆறரை டாலர் கூலிக்கு லாரி இறக்கினார். ஆனால் சொல்பவர்கள் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 1989இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பட்டம், 1991இல் டல்சா நகரில் எம்.பி.ஏ. அது முடியும் முன்பே, 1990இல், டல்சா கடையொன்றில் உதவி மேலாளராகச் சேர்ந்துவிட்டார். கணக்குப் படிப்பை மறைத்துவிட்டு மூட்டையை மட்டும் காட்டினால் இந்தக் கதை வெறும் சினிமா.

சித்தூர் கல்லூரி மாணவி: கடை மேலாளர், வட்டார மேலாளர், அப்புறம் தலைவர்னு நேராகத்தான் போனாரா?

இல்லைம்மா. கடையை விட்டுப் பர்ச்சேஸுக்குப் போனார். முதலில் தூண்டில், மீன்பிடி சாமான்கள். பிறகு உணவு, துணிமணி, குழந்தைச் சாமான். திருப்பம் இங்கேதான். கடை மேலாளர் வந்த சரக்கை விற்கிறார். எதை, எத்தனை, என்ன விலைக்கு எடுப்பது என்று முடிவு செய்பவர் பர்ச்சேஸ் ஆள். தேங்கினால் அவர் பெயரில்தான் தேங்கும்.

வேலந்தாவளம் மளிகைக் கடைக்கார அக்கா: 80க்கு வாங்கி 100க்கு விக்கிறேன், 25 சதவீத லாபம். சரக்கும் முக்கால்வாசி போயிடுது. அப்புறம் ஏன் கையில காசு நிக்கல?

அக்கா, 25 என்பது வாங்கிய விலைமேல் வைத்தது. விற்ற விலையில் பார்த்தால் மார்ஜின் 20தான். வாடகையும் கூலியும் விற்ற பணத்திலிருந்து போவதால் 20ஐத்தான் பார்க்கணும்.

ஓணத்துக்கு நேந்திரம் சிப்ஸ் 400 பாக்கெட் எடுத்தீர்கள் என்று வையுங்கள். முதல் 32,000. திருவோணம் முடிவதற்குள் 300 போச்சு, வந்தது 30,000. முக்கால்வாசி விற்றும் 2,000 ரூபாய் குறைவு! மீதி 100 பாக்கெட்டில் எண்ணெய் காறல் அடிக்க ஆரம்பித்தால் 20 ரூபாய்க்குக்கூடக் கேட்க ஆள் வராது. ஓணத்துக்கு நாலு நாள் முன்பே கையிருப்பைப் பார்த்து அந்த 100ஐ 85க்குத் தள்ளியிருந்தால் 8,500 வந்திருக்கும். மொத்தத்தில் 6,500 மிச்சம். விலையைக் குறைக்க மனசு வராமல் காத்திருப்பதுதான் எல்லாக் கடையிலும் நடக்கும் தப்பு. பெரிய கம்பெனி பர்ச்சேஸ் ஆளுக்கும் இதே கணக்குதான், பூஜ்யங்கள் மட்டும் கூடுதல்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: பர்ச்சேஸ் ஆளுங்க ஆயிரம் பேர் இருப்பாங்களே. இவர் மட்டும் எப்படி?

தனி லாப நஷ்டக் கணக்கு உள்ள பொறுப்புகள் அவர் கைக்கு வந்தன. 2005இல் சாம்ஸ் கிளப், 2009இல் வெளிநாட்டுப் பிரிவு. சாம்ஸ் கிளப் அதே நிறுவனத்தில், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு மொத்தமாக விற்கும் பிரிவு. அங்கே சறுக்கினாலும் தாய்க்கப்பல் கவிழாது, சறுக்கியது யார் என்பதும் பளிச்சென்று தெரியும். ஆளைப் பழக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. அவருக்குப் பின் 2026 பிப்ரவரி 1 முதல் தலைவராக அறிவிக்கப்பட்ட ஜான் ஃபர்னரும் 1993இல் மணிக்கூலிக்குச் சேர்ந்து, சாம்ஸ் கிளப்பை நடத்தி, பிறகு வால்மார்ட்டின் அமெரிக்கக் கடைகளின் பொறுப்பைப் பார்த்தவர். போட்டி நிறுவனமான கோஸ்ட்கோவின் தலைவர் ரான் வாக்ரிஸ் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டித் தொடங்கியவர்.

மீனாட்சிபுரம் வாசகர்: வெளியாள் வரவே முடியாதா?

வரலாம். 2026 ஜனவரி வரை டிமார்ட்டின் தலைவராக இருந்த நெவில் நொரோன்ஹா இந்துஸ்தான் யூனிலீவரிலிருந்து 2004இல் வந்தவர். சோப்பு, பேஸ்ட் விற்றவருக்குக் கடைக்காரர் எங்கே விலை பேசுவார் என்று எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரியும்.

அதே வாசகர்: மெக்மில்லன் சறுக்கவே இல்லையா?

2015இல் ஊழியர் சம்பளத்தைக் குறைந்தது மணிக்கு 9 டாலர், அடுத்த ஆண்டு 10 என்று உயர்த்தினார். அந்தச் செலவாலும் ஆன்லைன் செலவாலும் லாபம் குறையும் என்று அக்டோபரில் சொன்னதும் பங்கு ஒரே நாளில் சுமார் 10 சதவீதம் விழுந்தது. அதைச் சறுக்கல் என்று சொல்லமாட்டேன். கடை அழுக்காகவும் ரேக் காலியாகவும் கிடந்தால் வாடிக்கையாளர் போய்விடுவார், ஆள் நிலைக்கச் சம்பளம் வேண்டும். 2016இல் 330 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஜெட் என்ற ஆன்லைன் விற்பனைத் தளம் மட்டும் 2020இல் மூடப்பட்டது. அதிலும் ஆன்லைன் வியாபாரம் தெரிந்த ஆட்கள் உள்ளே வந்தார்கள். 2018இல் ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை 1,600 கோடி டாலருக்கு வாங்கினார்.

கஞ்சிக்கோடு தம்பி மறுபடியும்: சரிங்கண்ணா, நாளைக்கு நான் என்ன செய்யணும்?

லாரிக் கதவில் போட்ட சீல் முத்திரையை உடைக்கும் முன் அதன் நம்பரைப் பேப்பரில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். பெட்டியை பில்லோடு மட்டுமல்ல, ஆர்டரோடும் எண்ணுங்கள். ஆர்டர் போடாத சரக்கைத் தள்ளிவிட்டுப் போவது வழக்கமான வேலை. குறைவு, நசுங்கல் இருந்தால் டிரைவர் கொண்டுவந்த பிரதியிலேயே எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் எண்ணினால் சரக்கு அனுப்பிய கம்பெனி காசு தராது. எந்த சப்ளையர், எத்தனை பெட்டி குறைவு என்று மூணு மாசம் நோட்டில் குறித்தால் பர்ச்சேஸ் ஆளிடம் பேச உங்களுக்கு ஒரு விஷயம் கிடைக்கும்.

கூடவே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். போடுங்கள். மெக்மில்லன் தன் மேலாளர் ஊரில் இல்லாத நாட்களில் அவர் வேலையைத் தானே கேட்டு வாங்கிச் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் சூப்பர்வைசர் ஓணத்துக்கு லீவு போவார் இல்லையா? அந்த வாரத்து ஸ்டாக் ரிப்போர்ட்டை நான் போடுகிறேன் என்று இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.