இ-கேட்ஹெரின் குறைவு என்றால் நோய் பரவிவிட்டதாகப் பொருளா?

வணக்கம். தங்கள் தாயாரின் அண்ணக் கட்டி அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா (உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்) என்றும், அதில் இ-கேட்ஹெரின் குறைந்து திட்டுத்திட்டாக உள்ளது என்றும் பயாப்ஸி அறிக்கை சொல்வதால், நோய் பரவிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியை வைத்து அப்படி முடிவு செய்ய இயலாது. (இத்தகைய வரியை விளக்கமின்றிக் குடும்பத்தார் கையில் கொடுப்பது எனக்கு உடன்பாடானதன்று.)

இ-கேட்ஹெரின் என்பது அடுத்தடுத்த எபிதீலியச் செல்களை (உறுப்புகளையும் சுரப்பிகளையும் மூடியிருக்கும் செல்களை)க் கால்சியத்தின் துணையுடன் பிணைக்கும் புரதம். செல்லுக்குள் நீளும் அதன் வால்பகுதியைப் பீட்டா-கேட்டினின் என்ற மற்றொரு புரதம் பற்றிக்கொண்டிருக்கும். இயல்பான சுரப்பித் திசுவில் சாயமிட்டுப் பார்த்தால், செல்களின் விளிம்பில் பழுப்புக் கோடு ஓடி, தேனடை போலத் தெரியும். அக்கோடு அறுபட்டோ மங்கியோ இருந்தால் பிடிப்புத் தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாமே தவிர, செல்கள் வேறு உறுப்புக்குச் சென்றுவிட்டன என்று கொள்ளலாகாது. சிறிய பயாப்ஸித் துண்டில் சாயம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் விழுவதும் உண்டு.

என் பார்வையில், தாங்கள் தேட வேண்டிய வரிகள் வேறு. நரம்பைப் பற்றிக்கொண்டு ஊர்வது இக்கட்டியின் குணம். ஆகவே நரம்புறை ஊடுருவல் (கட்டிச் செல்கள் நரம்பைச் சூழ்ந்து பரவுதல்) குறிப்பிடப்பட்டுள்ளதா என்றும், செல்கள் இடைவெளியின்றி அடர்ந்துள்ள திண்மையான பகுதி எவ்வளவு என்றும் பாருங்கள். அது 30 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக மூன்றாம் தரமாக, அதாவது தீவிரம் மிகுந்த வகையாகக் கொள்வர். பரவலை அறிய, மண்டையோட்டு அடித்தளம் வரையிலான எம்.ஆர்.ஐ., நுரையீரல் சி.டி. ஆகியவையே உதவும். இவை இன்னும் எடுக்கப்படவில்லையெனில், அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.