கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: ஃபேன் சுத்துது, படம் வரலையே!

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகார்தான்: டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லை. ஆனால் ‘ஆன் ஆகவில்லை’ என்பதற்குள்ளேயே நான்கைந்து வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதியவர்களுக்கு முதலில் பதில்.

இடி மழைக்கு மறுநாளிலிருந்து பட்டனை அமுக்கினால் எந்த அசைவும் இல்லை. லைட்கூட எரியவில்லை. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கடையில் போனில் கேட்டதற்கு, ‘மதர்போர்டு போயிருக்கும்’ என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, மன்னார்குடி

பார்க்காமலே சொன்னதை எதற்கு நம்ப வேண்டும்? எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகையான மதர்போர்டு கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள்.

முதலில் யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு, நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். பேட்டரி செத்த யூபிஎஸ் கரன்ட்டையே வெளியே விடாமல் நிற்பது உண்டு. மானிட்டரின் பவர் கார்டும் சி.பி.யூவின் பவர் கார்டும் பெரும்பாலும் ஒன்றுதான். மாற்றிச் செருகிப் பாருங்கள். உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். அதன் பின்புறம் உள்ள சிறிய சுவிட்ச் கோடு போட்ட பக்கம் இருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அல்ல. வீடு பெருக்கும்போது கை பட்டு அது மாறிவிடுவதுண்டு.

அடுத்து கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அமுக்கிப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். மின்னழுத்தம் திடீரென ஏறும்போது எஸ்.எம்.பி.எஸ் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தால்தான் அந்தப் பூட்டு விடும். இடி என்பதால் இன்னொன்று: பிராட்பேண்ட் லேன் வயர், பிரின்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயலுங்கள். இடியின் அதிர்ச்சி கரன்ட் வழியாக மட்டுமல்ல, லேன் வயர் வழியாகவும் உள்ளே வரும். அப்படி வந்தால் மதர்போர்டும் அடிபட்டிருக்கலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இதற்கும் மசியவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ் சோதனை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்ஸின் எல்லாக் கனெக்டர்களையும் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். அதையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. எல்லா வயரும் கறுப்பாக வரும் புதிய மாடல்களில் அது 16-ஆவது பின். சரியாக எண்ணத் தெரியாவிட்டால் இந்தச் சோதனையே வேண்டாம்.

ஃபேன் சுற்றியது மட்டும் போதாது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 காட்ட வேண்டும். ஊதா வயரில் கம்ப்யூட்டர் ஆஃப் ஆக இருக்கும்போதே 5 வோல்ட் வர வேண்டும். அது வராவிட்டால் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் மதர்போர்டுக்குச் செய்தி போகாது.

எஸ்.எம்.பி.எஸ் நல்லது என்று தெரிந்தால், மின்சாரத்தை நிறுத்தி, கிளிப்பை எடுத்துவிட்டு, கனெக்டர்களைத் திருப்பிச் செருகி மின்சாரம் கொடுங்கள். இனி பட்டனையே சந்தேகப்படுங்கள். மதர்போர்டின் மூலையில் பவர் சுவிட்ச் வயர் செருகியிருக்கும் இரண்டு பின்களையும், வயரை உருவிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு விநாடி தொடுங்கள். ஆன் ஆனால் பட்டன்தான் போயிருக்கிறது. ரீசெட் பட்டனின் வயரை அங்கே செருகிவிட்டால் செலவே இல்லாமல் வேலை முடிந்தது.

புதிய எஸ்.எம்.பி.எஸ் வாங்குவதானால் அட்டையில் ‘450 வாட்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 12 வோல்ட்டில் 192 வாட்தான் கிடைக்கும். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். கார்டைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, மானிட்டரில் ‘நோ சிக்னல்’. கீபோர்டு விளக்கும் எரியவில்லை.
– வாசகர், நாகப்பட்டினம்

கடற்கரை ஊர் என்று பார்த்ததுமே கை ராம் என்ற நினைவகப் பட்டை பக்கம்தான் போகிறது. உப்புக் காற்றும் ஈரமும் தொடுபுள்ளிகளில் மெல்லிய படலத்தை ஏற்றிவிடும். கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு உடலில் உள்ள நிலை மின்சாரத்தைப் போக்கிக்கொண்டு ராமைக் கழற்றுங்கள். பென்சில் ரப்பரால் தங்க நிறப் பட்டைகளை இரண்டு பக்கமும் லேசாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் இன்னும் நல்லது. உப்புத்தாள் கூடாது, தங்க முலாம் போய்விடும். ராம் செருகும் பள்ளமான ஸ்லாட்டில் வாயால் ஊதுவதும் கூடாது. எச்சில் ஈரம்தான் சேரும்.

திருப்பிச் செருகும்போது ஒரே ஒரு ராமை மட்டும் பிராசசரிலிருந்து (ஃபேனுக்கு அடியில் இருக்கும் முக்கிய சிப்) இரண்டாவது ஸ்லாட்டில், ‘க்ளிக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள். ஆன் ஆனால் அடுத்ததைச் சேருங்கள். ஆகாவிட்டால் ராமை மாற்றிப் பாருங்கள், பிறகு ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள்.

இங்கே ஒரு சோதனை பலரையும் தேவையில்லாத செலவிலிருந்து காப்பாற்றும். மதர்போர்டில் சின்ன பீப் ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தி, ராம் எதுவுமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். நீளமாகக் கத்தினால் மதர்போர்டும் பிராசசரும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். ராம் இல்லை என்று புகார் சொல்லும் அளவுக்கு அவை வேலை செய்கின்றன. சத்தமே இல்லை என்றால் பிராசசருக்குத் தனியே வரும் 4 அல்லது 8 பின் பவர் வயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் பதில் நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

படத்தைத் திரைக்கு அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் செருகியிருக்க வேண்டும். இன்டெல்லில் பெயர் ‘எஃப்’ என்று முடியும் பிராசசர்களில் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ.யில் செருகினால் ஆயுசுக்கும் படம் வராது. புதிதாக டி.டி.ஆர்.5 வகை ராம் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் தடவை சில நிமிடம் கறுப்புத் திரை நிற்பது சாதாரணம். பதறி ஆஃப் செய்துவிடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் இருட்டுதான் என்றால், கார்டைப் பிடுங்கி, மதர்போர்டில் உள்ள வட்டமான சி.ஆர்.2032 செல்லைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் நிரலின் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். ஆனால் அடுத்த கேள்வியையும் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

செல் மாற்றினேன். படம் வருகிறது, விண்டோஸ் வரவில்லை. ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறது.
– வாசகர், தென்காசி

ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்யச் சொல்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிகிறதா? தெரிந்தால், செல்லைக் கழற்றியதில் அமைப்பு மாறியதுதான் காரணம். யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில் நிறுவிய விண்டோஸை லெகசி என்ற பழைய முறையில் தேடினால் கிடைக்காது. டிஸ்க் இணைப்பான சாட்டாவின் அமைப்பு ஏ.எச்.சி.ஐ., ரெய்டு என்ற இரண்டு முறைகளுக்கு இடையே மாறியிருந்தால் நீலத் திரை வரும். முன்பு எது இருந்ததோ அதற்கே திருப்புங்கள். டிஸ்க் பெயரே தெரியாவிட்டால் சாட்டா கேபிளை மாற்றுங்கள், வேறு போர்ட்டில் செருகுங்கள். ‘டக் டக்’ என்று டிஸ்க்கிலிருந்து சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்யாதீர்கள்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். செல்லில் கை வைக்கும் முன்பே அதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஃபேன் இரண்டு விநாடி சுற்றி நிற்கிறது, திரும்பத் தானாகவே சுற்றுகிறது. தூசி தட்டிய பிறகுதான் இப்படி.
– வாசகர், ஓசூர்

எதையோ தளர்த்திவிட்டீர்கள், அல்லது ஏதோ ஷார்ட் ஆகிறது. மதர்போர்டுக்கு அடியில் திருகு ஒன்று விழுந்து கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். செத்த பல்லியும் இதே வேலையைச் செய்யும், சிரிக்க வேண்டாம். கால் நிமிடம், அரை நிமிடம் ஓடிப் பிறகு நின்றால் பிராசசர் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று எழும்பியிருக்கும். ஃபேனைக் கழற்றி, பிராசசரின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு புதிதாக அதன்மேல் வைத்து, நான்கு கால்களையும் அழுத்திப் பூட்டுங்கள்.

தினமும் காலையில் பத்து முறை அமுக்கினால்தான் ஆன் ஆகிறது. ஆகிவிட்டால் நாள் முழுக்க ஓடுகிறது.
– வாசகி, சேலம்

பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்ஸில் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். சூடேறிய பிறகுதான் அது வேலை செய்கிறது. ஓடுகிற இன்றைக்கே பைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றிவிடுங்கள்.