ஓரத்தில் நிற்கும் மெழுகும் கறுக்கும் டம்ளரும்

கேள்வி: சோயா மெழுகு 70 பங்கு, பாரஃபின் 20, தேன் மெழுகு 10 என்று கலந்து, 7 செ.மீ. அகலமுள்ள கண்ணாடி டம்ளர்களில் மெழுகுவர்த்தி ஊற்றுகிறேன். கடையில் தந்த அட்டவணைப்படி வாங்கிய திரி, நடுவில் கிணறு வெட்டியதுபோல இறங்குகிறது. ஓரத்து மெழுகு அப்படியே நிற்கிறது. அடுத்த தடிமனைப் போட்டேன். முதல் நாள் அழகாக எரிந்தது, பாதிக்குக் கீழே போனதும் டம்ளர் கறுத்துவிட்டது. எந்தத் திரி சரி?
- வாசகி, ஈரோடு

பதில்: பாதிக்குக் கீழே கறுத்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவரை பொறுமையாக எரித்துப் பார்த்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பலர் முதல் நாளோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சுடர் டம்ளரின் வாய்க்கு அருகில் இருக்கும்போது சூடு வெளியே போய்விடும். கீழே இறங்க இறங்கக் கண்ணாடிச் சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; காற்றும் சரியாகக் கிடைக்காது. முதல் நாளிலேயே ஓரம்வரை தாராளமாக உருக்கிய திரி, அடியில் மிதமிஞ்சி எரிவது இதனால்தான். மேலே ஓரத்தில் கொஞ்சம் மெழுகு நின்றால் பதற வேண்டாம். சுடர் இறங்கியபின் அதுவும் உருகி வந்துவிடும். மெல்லிய திரியை எத்தனை மணி நேரம் எரித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 7 செ.மீ. டம்ளருக்கு 3 மணி நேரமாவது கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அணைத்திருந்தால் எந்தத் திரியும் குழிதான் பறிக்கும்.

அந்த அட்டவணை பெரும்பாலும் ஒற்றை மெழுகுக்குப் போட்டதாக இருக்கும். டம்ளருக்கான சோயா மெழுகு 50 டிகிரியை ஒட்டி உருகும். தேன் மெழுகுக்கு 62 முதல் 64 டிகிரி வேண்டும். உருகிய பிறகும் அது கெட்டியாக இருப்பதால் திரியில் மெதுவாகத்தான் ஏறும். மெல்லிய திரி திணறுகிறது, தடித்தது கரி கக்குகிறது, இடையில் வேறு தடிமன் இல்லை என்றால் கலவையில் கை வையுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் தேன் மெழுகை 5 பங்காகக் குறைத்து, சோயாவை 75 ஆக்கி, பழைய மெல்லிய திரியையே மறுபடி போட்டுப் பார்ப்பேன். வாசனை எண்ணெயும் சாயமும் சேர்ப்பதாக இருந்தால் அவற்றோடுதான் சோதிக்க வேண்டும். வெறும் மெழுகில் நன்றாக எரிந்த திரி, சாயம் சேர்ந்ததும் அடைத்துக்கொள்வது உண்டு.

பின்னல் திரியையே வாங்குங்கள். எரியும்போது அதன் நுனி பக்கவாட்டில் வளைந்து, சுடரின் ஓரத்தில் தானே கருகி உதிரும். அகல் விளக்குக்குப் போடும் பஞ்சுத் திரி அப்படி வளையாது. நுனியில் கரி சேர்ந்துகொண்டே போகும்.

ஒரே கலவையை ஒரே நாளில் மூன்று டம்ளர்களில் ஊற்றி, மூன்று தடிமன் திரிகளைப் போட்டு, எதில் எந்தத் திரி என்று அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். சோயா அதிகமுள்ள கலவை என்பதால் இரண்டு வாரம் ஆறட்டும். ஒவ்வொரு முறையும் திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டி, 4 மணி நேரம் எரித்து, முழுக்க ஆறியபின் மறுபடி ஏற்றுங்கள். உருகிய மெழுகின் ஆழம் அரை அங்குலத்தைத் தாண்டினாலோ, நுனியில் காளான்போலக் கரி குவிந்தாலோ, டம்ளரைத் தொட முடியாதபடி சுட்டாலோ அந்தத் திரியை விட்டுவிடுங்கள்.

அடியில் ஒரு செ.மீ. மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். ஆரம்ப நாளில் ஒன்றை நான் கடைசிவரை எரியவிட்டேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அடியிலிருந்து விளிம்புவரை முடிபோல ஒரு கோடு ஓடியது. சூடான மெழுகு மேசை விரிப்பில் பரவியதைப் பார்த்தபோது, விற்பதற்கு எடுத்துவைத்திருந்த மற்ற டம்ளர்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒன்றைக்கூட விற்கவில்லை.

சோதிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றில் சுடர் ஆடினால், சரியான திரியும் ஒரு பக்கமாகக் கரி பூசும்.